வாசலுக்கு வந்த தலைமையகம்

நம் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் கட்டாயம் ஒருவர் மேலாவது விழும் என்று சொல்லத்தக்க இனம் ஒன்று இருக்கிறது. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘எனக்கோசரம் சொல்லல’ ஆசாமி. ‘எனக்காகச் சொல்லவில்லை’ என்பதைத்தான் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இப்படிச் சொல்வோம். பெயர் புதிது, ஆள் பழையவர். தெருவில் புதிதாக ஒரு விளக்குக் கம்பம் நடப்போகிறார்கள் என்றால், கர்ப்பிணிப் பெண்கள், கண் மங்கிய பெரியவர்கள், டியூஷன் முடிந்து திரும்பும் பிள்ளைகள் என்று ஊரில் உள்ள பாவப்பட்ட ஜனங்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, அவர்களுக்காகக் குரல் கம்ம வாதாடி, கடைசியில் அந்தக் கம்பத்தைத் தன் வீட்டு வாசலில் நட வைப்பார் பாருங்கள், அவர்தான். அடுத்த மாதம் குப்பைத்தொட்டி வைக்கப்போகிறார்கள் என்றால் அதே கர்ப்பிணிகளையும் பெரியவர்களையும் பிள்ளைகளையும் மறுபடி கூட்டிவந்து தொட்டியை அடுத்த தெருவுக்கு அனுப்பி வைப்பவரும் அவர்தான்.

அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தால் நீங்கள் அவரைப் புரிந்துகொள்ளவில்லை. பொய் சொல்கிறவனுக்குத் தான் சொல்வது பொய் என்றாவது தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது. உலகத்தில் உள்ள நியாயங்கள் எல்லாம் எட்டுத் திசையிலிருந்தும் புறப்பட்டு, வெயிலில் நடந்து, களைத்து, சரியாகத் தன் வீட்டு கேட்டருகே வந்து உட்காருவதைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். “ரெண்டு பக்கமும் பாக்கணும்பா” என்பார். பார்ப்பார். சாலையைக் கடக்கிறவன் இரண்டு பக்கமும் பார்ப்பதில்லையா, அப்படி. பார்த்துவிட்டுத் தன் வீடு இருக்கும் பக்கம் போய்விடுவார்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைப் பதினோரு வருஷம் பக்கத்து மேஜையில் இருந்து கவனிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவர் பெயர் அரங்கநாதன். பொன்னேரு மல்லாட்டை எண்ணெய் நிறுவனத்தில் நிர்வாகத்துறை ஜி.எம். நான் குமரேசன், அதே துறையில் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுகிறவன். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. இதை நான் கோயம்புத்தூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி சின்னதல்ல. மூவாயிரம் தொழிலாளர்கள், பதினெட்டு டிப்போக்கள், டி.வி.யில் ஒரு விளம்பரம். தலைமையகம் மட்டும் சென்னையில் ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. அங்கே இருநூற்று அறுபது பேர். போன மார்ச் மாதம் கட்டடத்தின் ஒப்பந்தம் முடியப்போகிறது என்றதும் எங்கள் எம்.டி. சேரன் எல்லோரையும் கூப்பிட்டார். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் தேதி போட்டுப் பேசுவார்.

“மல்லாட்டை வெளையிற ஊர விட்டுட்டு இங்க இன்னா பண்றோம்? விழுப்புரம் இல்லன்னா திண்டிவனம். ரெண்டுல எதுன்னு ஒரு கமிட்டி எடை போட்டுச் சொல்லட்டும். மே மாசத்துக்குள்ள சொல்லுங்க. ஜனங்க வூடு பாக்கணும், புள்ளைங்கள ஸ்கூல்ல சேக்கணும்.”

கமிட்டிக்குத் தலைவர் அரங்கநாதன். உறுப்பினர் மனிதவளத்துறை மேலாளர் ஜெசிந்தா. செயலாளர் அடியேன்.

இங்கே அரங்கநாதனைப் பற்றி ஒரு செய்தியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் வீடு திண்டிவனத்தில். பத்தொன்பது வருஷமாக விடிவதற்கு முன் எழுந்து, ரயில் பிடித்து, சென்னைக்கு வந்து, ராத்திரி திரும்பிப் போகிற மனிதர். பத்தொன்பது வருஷமாக மத்தியானச் சாப்பாடு டிபன் பாக்ஸில் ஆறிப்போன சோறு. ஒருநாள் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் என்னிடம் சொன்னார்: “ரிட்டயர் ஆவ நாலு வருசம்தான் இருக்கு குமரேசா. அதுக்குள்ள தெனம் மத்தியானம் வூட்டுக்குப் போயி, சூடா ரசம் ஊத்திக்கினு சாப்பிட்டுட்டு, பத்து நிமிசம் படுத்து எழுந்து ஆபீசுக்கு வரணும். அவ்ளோதான் ஆசை.”

எனக்கு மனசு கரைந்துவிட்டது. இதை அவர் அப்படியே கமிட்டியில் சொல்லியிருந்தால் ஜெசிந்தாவும் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே திண்டிவனம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்போம். ஆனால் இந்த இனத்துக்கு அது வராது. தனக்கு வேண்டும் என்று கேட்பது கேவலம். ஊருக்கு வேண்டும் என்று வாங்கித் தான் வைத்துக்கொள்வது சேவை. ஒரு டம்ளர் ரசத்துக்காக அவர் நூறு மதிப்பெண் கொண்ட ஒரு அட்டவணையைத் தயாரித்தார்.

ஜெசிந்தாவும் லேசுப்பட்டவர் அல்ல. அவருக்கு விழுப்புரம் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் வாடகை வீடு. கணவர் அலெக்ஸ் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியவள். ஜெசிந்தா மட்டும் வாரத்தில் ஆறு நாள் சென்னையில் ஒரு ஹாஸ்டலில். ஆக, கமிட்டியின் இரண்டு தட்டிலும் ஆள் ஏறி உட்கார்ந்தாயிற்று. முள்ளாக நான்.

முதல் கூட்டத்தில் ஜெசிந்தா நல்ல இடத்தில் ஆரம்பித்தார். “சார், விழுப்புரம் ஜங்ஷன் சார். நாலா பக்கமும் ட்ரெயின் போவுது. ஸ்டாஃப் எந்த ஊர்ல இருந்து வேணாலும் வரலாம்.”

அரங்கநாதன் கண்ணை மூடி யோசித்தார். “அதாம்மா ஆபத்து. நாலா பக்கமும் ட்ரெயின் போச்சின்னா, மத்தியானத்துக்கு மேல எவன் எந்தப் பக்கம் ஓடினான்னு எப்படிம்மா கண்டுபுடிப்ப? நான் எனக்கோசரம் சொல்லல. டிசிப்ளின்னு ஒண்ணு இருக்குல்ல.”

ரயில் வசதி: திண்டிவனம் எட்டு, விழுப்புரம் மூன்று. நான் எழுதிக்கொண்டேன்.

“சரி சார், பஸ்சு?” என்றார் ஜெசிந்தா. “திண்டிவனத்துக்கு டிக்கெட் கேட்டா பாதி கண்டக்டருங்க இன்னா சொல்றாங்க? ‘ஊருக்குள்ள போவாது, பைபாஸ்ல எறங்கிக்க’ன்றாங்க. மேம்பாலத்துக்கிட்ட எறக்கி உட்டுட்டு ஜல்தியா போயிடறான். அங்கேருந்து நடக்கணும்.”

“நடக்கட்டுமே! இந்தக் காலத்துல யாரும்மா நடக்கறா? எல்லாருக்கும் சுகரு. கம்பெனி செலவில்லாம ஸ்டாஃபுக்கு வாக்கிங் கெடைக்குது. அத வேணாம்னு சொல்றியே, நீ மனிதவளத்துறைதான?”

பஸ் வசதி: திண்டிவனம் ஒன்பது. அடைப்புக்குறிக்குள் ‘உடற்பயிற்சியும் சேர்த்து’ என்று எழுதச் சொன்னார்.

இப்படியே போயிற்று. இரண்டு ஊருக்கும் ஒரே சூரியன்தான் என்பது என் நினைப்பு. கமிட்டியில் அப்படி இல்லை. விழுப்புரத்து வெயில் தலைசுற்ற வைப்பது, திண்டிவனத்து வெயில் எலும்புக்கு உறுதி தருவது. புதுச்சேரி இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒரே தூரம். ஆனால் விழுப்புரத்துக்கு அது கிட்டத்தில் இருப்பதால் ஊழியர்கள் குடித்துக் கெட்டுப்போவார்கள். திண்டிவனத்துக்கு அது கிட்டத்தில் இருப்பதால் கடற்காற்று வரும். தண்ணீர் பற்றிக் கேட்டபோது விழுப்புரத் தண்ணீரைச் சந்தேகமாகப் பார்த்தார். அவர் கையில் இருந்தது சென்னைத் தண்ணீர்.

இவ்வளவுக்கும் மேலே அவர் ஒரு மனிதரையே உண்டாக்கினார். ‘சராசரி ஊழியர்’ என்று பெயர். இருநூற்று அறுபது பேரின் வசதியைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது, ஆகவே ஒரு சராசரி ஊழியரை வைத்துக்கொண்டு தூரங்களை அளப்போம் என்றார். நியாயம்தானே என்று நானும் எழுதினேன். எழுத எழுத அந்த ஊழியர் வளர்ந்தார். சராசரி ஊழியருக்கு ஐம்பத்தாறு வயது. சர்க்கரை லேசாக உண்டு. மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டாக வேண்டும், சாப்பிட்டதும் பத்து நிமிஷம் படுத்தாக வேண்டும். வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அவர் திண்டிவனத்தில், மூடிக் கிடக்கும் ஒரு அரிசி ஆலைக்குப் பக்கத்தில் வசிக்கிறார்.

“சார், நம்ம ஆபீஸ்ல சராசரி வயசு முப்பத்தி நாலு சார்” என்றார் ஜெசிந்தா.

“இப்ப முப்பத்தி நாலு. ஆபீசு ஒரு தடவ மாறினா இருபது வருசம் அங்கதான் இருக்கப்போவுது. நான் எதிர்காலத்த பாக்கறேம்மா!”

அந்த நேரத்தில் நானும் ஒரு யோசனை சொன்னேன். இரண்டு ஊருக்கும் நடுவில் கூட்டேரிப்பட்டு இருக்கிறதே, நெடுஞ்சாலை ஓரம், இடமும் தாராளம், அங்கே வைத்தால் இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்குமே என்றேன். இரண்டு பேரும் முதல்முறையாக ஒற்றுமையாகி என்னைப் பார்த்தார்கள். ‘செயலாளர் குறிப்பு எழுதினால் போதும்’ என்று குறிப்பு எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

அடுத்து, இடங்களை நேரில் பார்ப்பது. விழுப்புரத்து இடத்தைப் பார்க்க ஏப்ரல் மாதத்தில், பகல் இரண்டரை மணிக்கு, குடையில்லாமல் அரங்கநாதன் எங்களைக் கூட்டிப்போனார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அருமையான மனை. ஒரு நாய் குரைத்தது. ‘நாய்த்தொல்லை மிகுதி’ என்று குறிக்கச் சொன்னார். திண்டிவனத்து இடத்தைப் பார்க்கக் காலை பதினொன்றரைக்குப் போனோம். அதுதான் அந்த மூடிக் கிடக்கும் அரிசி ஆலை. அங்கே ஐந்து நாய்கள். ஐந்தும் ஓடிவந்து அரங்கநாதனின் காலைச் சுற்றிக்கொண்டு வாலை ஆட்டின. ‘இயற்கையான பாதுகாப்பு’ என்று குறிக்கச் சொன்னார். பிறகு அந்த நாய்கள் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் நடக்க, ஆலைக்கு முன்னால் இருந்த ஒரு வீட்டு வாசலில் போய் நின்றோம். ஒரு பெண்மணி வெளியே வந்தார். அரங்கநாதனின் மனைவி புனிதா.

“சார், உங்க வூடு இங்கயா இருக்கு?” என்றார் ஜெசிந்தா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

அரங்கநாதன் வீட்டைப் பார்த்தார், ஆலையைப் பார்த்தார், மறுபடி வீட்டைப் பார்த்தார். “அட, ஆமாம்மா! எனக்கே இப்பத்தான் தோணுது.”

அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. சத்தியமாக அப்போதுதான் தோன்றியது என்றே நான் இன்றுவரை நம்புகிறேன்.

புனிதா எல்லோருக்கும் மோர் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டு அவர் முகம் மாறியது. “ஆபீசு இங்கயே வந்துட்டா மத்தியானமும் வூட்டுக்கு வந்துருவீங்களா? ஞாயித்துக்கெழம ஒரு நாளே ‘அது எங்க இது எங்க’ன்னு ஒரே பேஜாரு பண்றீங்க. நான் எப்பதாங்க செத்த நேரம் படுக்கறது?”

“இது எனக்கோசரம் இல்ல புனிதா. இருநூத்தி அறுவது குடும்பம்.”

“அந்த இருநூத்தி அறுவதுல ஒரு குடும்பத்துல போயி சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். கமிட்டியில் நடந்த விவாதங்களிலேயே சிறந்த வாக்கியம் இதுதான். குறிப்பில் சேர்க்க அனுமதி கிடைக்கவில்லை.

கடைசிக் கூட்டத்தில் ஜெசிந்தா தன்னிடம் இருந்த கடைசி அஸ்திரத்தை எடுத்தார். முகப்பு. அட்டவணையில் முகப்புக்குப் பதினைந்து மதிப்பெண். தலைமையகம் என்றால் சாலையைப் பார்த்து ஒரு பெரிய கேட் வேண்டாமா? அரிசி ஆலைக்கு இருப்பது ஒரு சந்து. சந்தில் எம்.டி.யின் கார் நுழைந்தால் கதவைத் திறக்க முடியாது. “ஜன்னல் வழியாத்தான் சார் அவர எறக்கணும்” என்றார் ஜெசிந்தா. ஜூன் மாதம் பக்கத்தில் வந்துவிட்டது, மகளை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்று தெரியாமல் அவரும் தவித்துக்கொண்டுதான் இருந்தார்.

அரங்கநாதனுக்கு ரசம் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போகும் நேரம். ஆலைக்கு முன்னால் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்று அவர் குடியிருப்பது. இன்னொன்று பூட்டிக் கிடப்பது. இரண்டுக்கும் சொந்தக்காரர் வெங்கடாசலம். அரங்கநாதன் மேஜையைத் தட்டினார். “ஆலைக்கு முன்னாடி ஒரு பழைய வூடு கெடக்குதும்மா. அத வாங்கி இடிச்சா முகப்பு வந்துட்டுப் போவுது! ஒரு கம்பெனி வர்ற எடத்துல ஒரு வூடு பெருசா?”

நான் எழுதினேன்: ‘முன்னால் உள்ள பழைய வீடு ஒன்றை வாங்கி இடித்துக்கொள்ளலாம் எனத் தலைவர் பரிந்துரைத்தார்.’ முகப்பு: பதினைந்துக்குப் பதினைந்து. மொத்தம், திண்டிவனம் எண்பத்து மூன்று, விழுப்புரம் நாற்பத்து ஒன்று. எம்.டி. சேரன் கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சுற்றறிக்கை போனதும் இருநூற்று ஐம்பத்தொன்பது பேர் திண்டிவனத்தில் வீடு தேடிக் கிளம்பினார்கள். ஜெசிந்தாவிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று: தோற்றால் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரமாட்டார். அறிக்கை வெளியான மூன்றாம் நாள் திண்டிவனத்தில் வீடு பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டார். அலெக்ஸின் கம்ப்யூட்டருக்கு எந்த ஊர் கரண்டாக இருந்தால் என்ன? மற்றவர்களும் மாடி, கீழ்த்தளம், பின்கட்டு என்று கிடைத்ததை எல்லாம் பிடித்தார்கள். அரங்கநாதன் இந்தக் காட்சியை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ரசித்தார். “பாவம், அலையிறானுங்க பாரு குமரேசா. நமக்கு அந்தப் பேஜாரு இல்ல.”

ஜூலையில் இன்ஜினியர் வந்தார். எம்.டி. அறையில் வரைபடத்தை விரித்தார். கமிட்டியும் உட்கார்ந்திருந்தோம்.

“இந்தப் பூட்டின வீட்டை எடுக்க முடியாது சார். வாசல்லயே டிரான்ஸ்பார்மர் இருக்குது. அத நகத்தணும்னா ஒரு வருசம் ஆவும்.”

அந்த டிரான்ஸ்பார்மர் அங்கே எப்படி வந்தது என்பதை அப்புறம் தெருவில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதை அரங்கநாதன் வீட்டு முன்னால் வைப்பதாகத்தான் இருந்ததாம். அவர்தான் தெருப் பிள்ளைகளின் உயிருக்காக மன்றாடி, தனக்காக அல்ல, ஆள் இல்லாத வீட்டின் முன்னால் வைப்பதே பொதுநலம் என்று ஊரைக் கூட்டி நிரூபித்திருக்கிறார்.

“அப்ப இன்னொரு வூடு இருக்குதே” என்றார் எம்.டி., வரைபடத்தில் விரலை வைத்து. “இத எடுத்துக்கலாமா?”

“அது போதும் சார். கேட்டுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு.”

“அதுல யாரு இருக்காங்க?”

ஜெசிந்தா மெல்லத் தலையைத் திருப்பி அரங்கநாதனைப் பார்த்தார். “சார், சொல்லுங்க சார்.”

இப்போது அந்த மனிதரின் நிலைமையை எண்ணிப்பாருங்கள். ‘அது என் வீடு’ என்று வாயைத் திறந்தால், எண்பத்து மூன்று மதிப்பெண்ணும் அந்த வாசலிலிருந்து அளந்தவை என்று அறையில் இருக்கும் நாற்காலிக்குக்கூடத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் வீடு போய்விடும். மானமா, ரசமா?

“ஒரு... குடித்தனம் சார்.”

“காலி பண்ணுவாங்களா? தகராறு பண்ணமாட்டாங்களே?”

“பண்ணமாட்டாங்க சார்” என்றார் அரங்கநாதன், குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து. “நல்ல மனுசங்க.”

சிரிப்பு வந்தது, அதை விட அதிகமாகப் பாவமாக இருந்தது. நான் பேனாவைக் கீழே போட்டுவிட்டு அதை எடுக்கிற சாக்கில் மேஜைக்கு அடியில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

வீட்டுக்காரர் வெங்கடாசலம் பத்தே நிமிஷத்தில் விற்க ஒப்புக்கொண்டார். அன்று சாயங்காலமே அரங்கநாதன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாராம். “சாரு, எனக்கோசரம் சொல்லல. நம்ம ஊருக்கு ஒரு பெரிய கம்பெனி வர்றப்ப நாமளே தடையா இருக்கலாமா? நாலு புள்ளைங்களுக்கு வேலை கெடைக்கும். நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா? பொதுவாச் சொல்றேன்.” இதைக் கேட்டு அரங்கநாதன் எழுந்து நின்றுவிட்டதாகப் புனிதா சொன்னார். ஒரு புலி இன்னொரு புலியைக் காட்டில் முதன்முதலாகப் பார்த்த மாதிரி இருந்ததாம்.

அப்புறம் வீடு தேடினார். எங்கே தேடுவது? திண்டிவனத்தில் ‘வாடகைக்கு விடப்படும்’ என்று எழுதியிருந்த பலகைகளை எல்லாம் எங்கள் ஆட்கள் இரண்டு மாதம் முன்னாலேயே கழற்ற வைத்திருந்தார்கள். காலிங்பெல்லை அடித்தால் கதவைத் திறப்பது அக்கவுண்ட்ஸ் பையன். அடுத்த வீட்டில் அடித்தால் டெஸ்பாட்ச் பெண். எல்லோரும் “வாங்க சார், உள்ள வாங்க சார்” என்று உபசரித்தார்கள். வீடு தவிர மற்றதெல்லாம் கிடைத்தது.

கடைசியில் ஜெசிந்தாதான் இரக்கப்பட்டார். “சார், விழுப்புரத்துல நாங்க இருந்த வூடு இன்னும் காலியாத்தான் இருக்கு. வூட்டுக்காரம்மா நல்லவங்க. ஸ்டேஷன்லேர்ந்து அஞ்சே நிமிசம்.”

வேறு வழி? சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். இப்போது அரங்கநாதன் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் ரயிலில் வருகிறார். சீசன் டிக்கெட் உண்டு. டிபன் பாக்ஸ் உண்டு. புனிதா மட்டும் இந்த மாற்றத்தால் இளைத்ததாகத் தெரியவில்லை. மத்தியானம் நன்றாகத் தூங்குகிறாராம்.

புதுத் தலைமையகத்துக்கு கேட் பிரமாதமாக அமைந்திருக்கிறது. லாரியே நுழையும். கேட்டை ஒட்டி வாட்ச்மேன் அறை. அரங்கநாதனின் சமையலறை இருந்த அதே இடம். வாட்ச்மேன் அங்கே ஒரு சின்ன அடுப்பு வைத்திருக்கிறார். தினமும் பகல் ஒரு மணிக்கு அங்கிருந்து ரசம் கொதிக்கும் வாசனை மாடி ஜன்னல் வரை வரும். சாப்பிட்டுவிட்டு வாட்ச்மேன் பத்து நிமிஷம் படுக்கிறார். சராசரி ஊழியர் என்று ஒருவர் நிஜமாகவே இருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இத்தோடு அவர் திருந்தியிருப்பார் என்று நீங்கள் நினைப்பது உங்கள் நல்ல மனசைக் காட்டுகிறது. போன மாதம் எம்.டி. இன்னொரு கமிட்டி போட்டார். கம்பெனி வளர்கிறது, இரண்டாவது அலுவலகம் ஒன்று வேண்டும், அது திண்டிவனத்திலேயே இருக்கலாமா, வேறு ஊருக்குப் போகலாமா? தலைவர் அரங்கநாதன், உறுப்பினர் ஜெசிந்தா, செயலாளர் நான்.

அரங்கநாதன் ஆரம்பித்தார். “விழுப்புரம் ஜங்ஷன்மா! நாலா பக்கமும் ட்ரெயின் போவுது. அத உட்டுட்டு யாராவது பைபாஸ்ல எறங்கி நடந்துக்கினு இருப்பாங்களா? நான் எனக்கோசரம் சொல்லல.”

“அதான் சார் ஆபத்து” என்றார் ஜெசிந்தா. அவர் வீடு இப்போது தலைமையகத்துக்கு அடுத்த தெருவில். மகள் பள்ளியிலிருந்து வரும்போது கையைப் பிடித்துக் கூட்டிப்போக முடிகிறது. “நாலா பக்கமும் ஓடிட்டா டிசிப்ளின் இன்னா ஆவறது? நடந்தா உடம்புக்கு நல்லது சார். பொதுவாத்தான் சொல்றேன்.”

ஒருவரும் மற்றவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒருவருக்கும் இதற்கு முன்னால் இப்படி ஒரு பேச்சு நடந்ததாக ஞாபகமும் இல்லை. வீட்டை மாற்றிக்கொண்டவர்கள், அலமாரியில் மறந்துவிட்டுப் போன சாமானைப் போல ஒருவர் நியாயத்தை மற்றவர் எடுத்துப் புழங்கிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டையும் நேர்மையாகக் குறிப்பெழுதிவிட்டு, இந்த முறையும், ஒரு நடுநிலையாளன் என்கிற முறையில், கூட்டேரிப்பட்டு என்று சொன்னேன்.

கூட்டேரிப்பட்டில் நான் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறேன். முள்செடி மண்டிக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு பெரிய ஆபீஸ் வந்தால் நல்ல விலைக்குப் போகும் என்று எனக்காகத் தோன்றியதே இல்லை. என் மனைவிதான் அந்தக் கூட்டத்துக்கு முதல் நாள் எதேச்சையாகச் சொன்னாள்.

போகட்டும், என் கதை எதற்கு? உங்களைப் பற்றிப் பேசுவோம். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்கள் மனசு ஏதோ ஒரு ஊர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்; மறைக்க வேண்டாம். அந்த ஊரில் உங்களுக்கு மாமனார் இருக்கிறாரா, மனை இருக்கிறதா, பெண் கொடுத்த வீடு இருக்கிறதா என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. ‘எனக்கு அந்தப் பக்கம் யாருமே கிடையாது, ஆனா நியாயமாப் பார்த்தா...’ என்று நீங்கள் ஆரம்பிக்கிறீர்களே, அந்த ‘நியாயமாப் பார்த்தா’ வரைக்கும் எனக்குக் கேட்டுவிட்டது. தாராளமாகச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால், நீங்கள் இருப்பது சொந்த வீடா வாடகை வீடா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.